வளைத்தால் வில் ஆகிவிடாது: மர வில் எப்படி வேலை செய்கிறது?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. தனுஷ்கோடி என்றாலே வில்லின் நுனி என்றுதான் பொருள். தனுசு என்பது வில், கோடி என்பது நுனி. கோதண்டமும் வில்லின் பெயர்தான். ஊர்ப் பெயரிலும் சாமி பெயரிலும் வில்லை வைத்திருக்கிற கரை இது. ஆனாலும் நான் மரத்தில் வில் செய்கிறேன் என்று சொன்னதும் இங்கே வரும் முதல் கேள்வி, “எந்த மரத்த வளைப்பீங்க? நெருப்புல காட்டி வளைக்கணுமா?” என்பது. அடுத்த கேள்வி, “நல்லா இழுபடுற மாதிரி நாண் எங்க கிடைக்கும்?”

இரண்டு கேள்விகளும் தப்பான இடத்தில் தொடங்குகின்றன. வில் என்பது வளைத்து வைத்த மரம் அல்ல. நாண் இழுபடவும் கூடாது. இந்த இரண்டையும் தெளிவாகப் புரிந்துகொண்டால் வில் செய்யும் வேலையில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி கைப்பழக்கம். அதையும் முடிந்தவரை சொல்லப் பார்க்கிறேன்.

உண்டிவில்லும் வில்லும் ஒன்றல்ல

சின்ன வயதில் உண்டிவில் அடித்திருப்பீர்கள். கவைக்கொம்பு அசையாமல் நிற்கும். ரப்பர் நீளும். விட்டதும் ரப்பர் சுருங்கிக் கல்லைத் தள்ளும். அங்கே வேலை முழுவதையும் ரப்பர் செய்கிறது. பெயரில் வில் என்று இருப்பதாலோ என்னவோ, நிஜ வில்லும் இப்படித்தான் என்று மனதில் தங்கிவிடுகிறது.

வில்லில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாணை நீங்கள் இழுக்கும்போது அது வில்லின் இரண்டு நுனிகளையும் சேர்த்து இழுக்கிறது. மரம் வளைகிறது. விட்டதும் மரம் நிமிர்கிறது. அந்த நிமிர்வை அம்பிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் நாணின் வேலை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர் கைதான் வாளியைத் தூக்குகிறது, கயிறு இடையில் நிற்கிறது, அது போல.

தமிழில் ஸ்பிரிங்குக்கே வில் என்றுதானே பெயர்! பள்ளிப் பாடத்தில் சுருள்வில் என்று படித்தோம். அச்சுக்கு மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கி, குலுங்காமல் ஓடச் செய்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றார்கள். அந்தப் பட்டை பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் நிமிரும். மர வில்லும் அதேதான்: கையில் பிடிக்கிற ஒரு பட்டை ஸ்பிரிங்.

மெதுவாகப் போட்டு வேகமாக எடுப்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுதாக இழுத்துப் பிடிக்க 14 கிலோ பலம் கேட்கும் வில் ஒன்று. தொடங்குபவருக்கு ஏற்ற அளவு. முழு இழுப்பில் நாணுக்கும் பிடிக்கும் இடையே 71 சென்டிமீட்டர். இழுக்காமல் இருக்கும்போதே நாண் பிடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் என்பதால், நீங்கள் உண்மையில் இழுப்பது 56 சென்டிமீட்டர். தொடக்கத்தில் பலம் ஒன்றுமில்லை, கடைசியில் 14 கிலோ, சராசரி 7 கிலோ என்று வைத்தால், ஒரு கிலோ கல்லைக் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம் தூக்குகிற அளவு ஆற்றல் மரத்துக்குள் போய் உட்கார்கிறது. போட்டு வைக்க ஒன்றிரண்டு நொடி ஆகியிருக்கும். வெளியே வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். அம்பு பறப்பது இதனால்தான்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக அம்பு இல்லையென்றால் அத்தனை ஆற்றலும் மரத்துக்கே திரும்பும். நல்ல வில்லும் அப்படி ஒரே தடவையில் உடையும். என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் சுவரில் மாட்டிய வில்லைப் பார்த்ததும் முதலில் செய்யப் பார்ப்பது இதைத்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: ஆற்றலைச் சேர்த்து வைப்பது மரம், கடத்துவது நாண், கொண்டு போவது அம்பு.

முதுகும் வயிறும்

பல் விளக்க ஒடிக்கிற பச்சை வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்துப் பட்டை விறைத்து, மினுங்கி, ஒரு கட்டத்தில் குறுக்கே கிழியும். உள்பக்கத்துப் பட்டை சுருங்கி, மடிப்பு மடிப்பாக எழும். ஒரே குச்சிதான், ஒரே வளைவுதான். ஆனால் ஒரு பக்கம் நீட்டப்படுகிறது, இன்னொரு பக்கம் நசுக்கப்படுகிறது. நடுவில் நீளவும் செய்யாத, நசுங்கவும் செய்யாத ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது.

வில்லிலும் அப்படியே. குறியைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு முதுகு என்று பெயர். அது நீள்கிறது. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. அது நசுங்குகிறது. முதுகு, வயிறு என்ற இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

முதுகில் மரத்தின் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். தாம்புக்கயிற்றில் வெளிப்புரி ஒன்று அறுந்தால் கயிறு அந்த இடத்திலிருந்துதான் பிரியத் தொடங்கும். முதுகில் நார் அறுந்தாலும் அங்கே ஒரு சிலாம்பு எழும், அடுத்த இழுப்பில் வில் இரண்டாகும். ஆண்டு வளையம் உள்ள மரமாக இருந்தால், வளையம் ஒன்றை முழுதாக அப்படியே முதுகாக விட்டுவிடுவது வழக்கம். ஒரு வளையத்துக்குள்ளேயே நின்றால் நார் குறுக்கே அறுபடும் பயம் குறைவு.

இதை நான் கற்றுக்கொண்டது முதல் வில் உடைந்தபோது. நாட்டுக் கருவேலம், நன்றாகக் காய்ந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முதுகை இழைப்புளி போட்டுப் பளபளவென்று இழைத்து வைத்திருந்தேன். மூன்றாவது நாள், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வெடிச் சத்தத்தோடு முறிந்தது. துண்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வத்தை கட்டுகிற ஓடாவி ஒருவரிடம் போனேன். அவர் வில் செய்தவரில்லை. ஆனால் படகுக்குப் பலகை வளைத்தே நாற்பது வருடம் கழித்தவர். முறிந்த வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரேகை ஓரத்துல வெளிய ஓடுது பாரு அப்பு. இந்தப் பலகைய நான் வத்தைக்கே வளைக்க மாட்டேனே, நீ இதுல அம்பு விடலாம்னு பாத்தியா?” இழைப்புளி போன வழியும் நார் போன வழியும் வேறு வேறாக இருந்தன. முறிவு நார் வழியிலேயே சாய்வாக ஓடியிருந்தது.

வயிற்றின் கதை வேறு. மரம் பொதுவாக நீட்டலைத் தாங்குகிற அளவு நசுக்கலைத் தாங்காது. வயிறு உடனே உடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் முழுதாக நிமிராமல் நிற்கும். நான் இதைச் சோர்வு என்கிறேன். எல்லா மர வில்லும் சிறிது சோரும். விரல்கடை இரண்டு சோர்ந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் மரம் ஈரமாக இருந்திருக்கிறது அல்லது வில் நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே வளைந்த கொம்பை எடுத்து நாண் கட்டினால் ஏன் நல்ல வில் ஆகாது என்பதும் இப்போது விளங்கும். அது முதல் நாளே சோர்ந்த வில். நிமிர வேண்டிய தூரம் குறைவு, அதனால் தருகிற பலமும் குறைவு. நல்ல வில் நாண் இல்லாதபோது ஏறக்குறைய நேராக நிற்கும். படத்தில் நாம் பார்க்கிற அந்தப் பிறைவடிவம் நாண் பூட்டிய பிறகு வருவது. நெருப்புக்கும் இதில் வேலை உண்டுதான், ஆனால் அது காய்ந்த கட்டையில் இருக்கும் கோணலை அனல் காட்டி எடுக்க.

ஒரு மில்லிமீட்டரின் விலை

கனமான மரம் வைத்தால் பலமான வில் என்று நினைப்பவர்கள் நிறைய. பலம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் தடிமனிலிருந்து. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வில்லின் விறைப்பு இரண்டு மடங்காகும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்காகும். இரண்டை மூன்று தடவை பெருக்குகிறோம், அதுதான் எட்டு.

இதைச் சீவுகிற பக்கத்திலிருந்து பாருங்கள். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் சீவினால் அந்த இடத்தின் விறைப்பு 14 சதவீதம் போய்விடும். அதே விகிதத்தில் அகலத்தில் சீவியிருந்தால் 5 சதவீதம்தான் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது இழைப்புளியில் சில இழுப்பு. அதனால் வாய்ச்சியும் இழைப்புளியும் முதல் கட்டத்தோடு சரி. கடைசிக் கட்டத்தில் மர அரம், அப்புறம் உடைந்த கண்ணாடிச் சில்லு. சில்லின் விளிம்பால் சுரண்டும்போது வெளிவருவது தூசும் அல்ல, சீவலும் அல்ல. வெங்காயச் சருகு மாதிரி ஊதினால் பறக்கும்.

தடிமன் கூடக்கூட முதுகு அதிகம் நீள வேண்டும், வயிறு அதிகம் நசுங்க வேண்டும். ஒரு எல்லைக்கு மேல் மரம் மறுத்துவிடும். அதனால் பலம் வேண்டுமென்றால் தடிமனை மட்டும் ஏற்றாமல் அகலத்தையும் நீளத்தையும் கூட்டுவார்கள். 71 சென்டிமீட்டர் இழுப்புக்கு, ஒரே மரத்தில் செய்த வில் 170 சென்டிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்.

கரைவலையும் டில்லரிங்கும்

இனி சொல்லப்போவதுதான் வில் செய்வதன் உயிர். மற்றதையெல்லாம் கடையில் வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் வரிசையாக ஆட்கள், எல்லோரும் ஒரே தாளத்தில் பின்னால் நகர வேண்டும். நடுவில் நாலு பேர் தளர்ந்தால் அவர்கள் பங்கும் மற்றவர்கள் தோளில் ஏறும். ஒரு பக்கம் முந்தி மறு பக்கம் பிந்தினால் வலை கோணிக்கொள்ளும். வில்லிலும் இழுப்பின் சுமையை மரத்தின் ஒவ்வொரு விரற்கடையும் தன் பங்குக்கு ஏற்க வேண்டும். ஓர் இடம் மட்டும் மெலிந்திருந்தால், அந்த இடம் மட்டும் அதிகமாக மடங்கும். மற்ற இடங்கள் விறைப்பாகச் சும்மா நிற்கும். மடங்கிய இடம் சோரும், பிறகு முறியும்.

வில் முழுவதும் சுமையைச் சரியாகப் பங்கிட்டு வளையும்படி, வளைத்துப் பார்த்துப் பார்த்துச் சுரண்டுவதற்கு டில்லரிங் என்று பெயர். தச்சு வேலையில் மற்றதெல்லாம் அளவு பார்த்துச் செய்கிறோம். இதில் அளவுகோல் பாதி வழி வரைதான் வரும். மரத்தில் ஒரு பக்கம் கணு இருக்கும், ஒரு பக்கம் நெருக்கமான நார் இருக்கும். இரண்டு கையும் ஒரே தடிமனில் இருந்தாலும் ஒரே மாதிரி வளையாது. (பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாகங்களைக் கை என்கிறேன்.)

நான் செய்கிற முறை இது. சுவரில் ஒரு முளை அடித்து அதன் மேல் வில்லின் பிடியை வைக்கிறேன். கீழே தரையோரம் ஒரு கப்பி. நாணில் கட்டிய கயிறு கப்பி வழியாக என் கைக்கு வரும். நாலைந்து அடி தள்ளி நின்று கயிற்றை இழுத்தால் வில் என் கண் முன்னால் வளையும். கையில் பிடித்து இழுத்தால் இதைப் பார்க்கவே முடியாது, கண் வில்லுக்குப் பக்கத்தில் இருக்கும். கயிற்றின் நடுவே மீன் நிறுக்கிற தொங்கு தராசு ஒன்றையும் மாட்டியிருக்கிறேன். நினைத்த பலத்துக்கு மேல் அதன் முள் ஒருபோதும் போகக் கூடாது. வில் முடிகிற வரை அதுதான் சட்டம்.

முதலில் தளர்ந்த நீளக் கயிறு கட்டி ஒரு சாண் இழுக்கிறேன். எங்கே வளைகிறது, எங்கே பலகை மாதிரி நேராக நிற்கிறது என்று பார்க்கிறேன். கண் ஏமாற்றும். அதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு: ஒரு சாண் நீளச் சட்டத்தின் நடுவில் துளை போட்டு, அதில் பென்சிலை மாட்டி, முனையை மயிரிழை தூரம் வெளியே நீட்டி நிறுத்துங்கள். வளைத்து நிறுத்திய வில்லின் வயிற்றில் அந்தச் சட்டத்தை வைத்து நகர்த்தினால், வளைகிற இடத்தில் சட்டத்தின் இரண்டு முனை மட்டும் படும், நடுவில் இடைவெளி விழும், பென்சில் தொடாது. விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சில் கோடு போடும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டு, கோடு விழாத இடத்தைத் தொடாதே. கயிற்றை இறக்கி, கோட்டைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஏற்றி, முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுகிறேன். மரம் புது மெலிவுக்குப் பழக அத்தனை இழுப்பு தேவைப்படும். அதற்கு முன் பார்த்தால் வில் பழைய வளைவையே காட்டும், நாம் அவசரப்பட்டு இன்னும் சுரண்டிவிடுவோம்.

இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். விரற்கடை விரற்கடையாக இழுப்பைக் கூட்டுகிறேன். ஒரு வில்லுக்கு இரண்டு மூன்று நாள் இதிலேயே போகும். மெலிந்த இடத்துக்கு மரத்தைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டு மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்கு இறக்க வேண்டியதுதான். நினைத்ததைவிட மெல்லிய வில் வரும், ஆனால் முறியாத வில் வரும்.

சுருக்கமாக: முதுகைத் தொடுவதில்லை. வயிற்றைச் சுரண்டுகிறோம். சுரண்டுவது எங்கே என்பதை மரம் வளைந்து காட்டுகிறது.

பனையில் வில் செய்யலாமா?

இந்த மாவட்டத்தில் யார் கேட்டாலும் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். செய்யலாம். கௌடில்யர் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம் ஆயுதச் சாலையைப் பற்றிச் சொல்லும்போது பனை, ஒருவகை மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கான பொருள்களை அடுக்குகிறது. அதே இடத்தில் வரும் பெயர்களை வரிசைப்படி பொருத்தினால் பனை வில் கார்முகம், மூங்கில் வில் கோதண்டம். தெற்கே வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் வைத்திருக்கும் நீண்ட வில்லையும் பனை வைரத்தில் செய்வது பழைய வழக்கம்.

பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. தண்டின் ஓரத்தில் கறுத்த நார்கள் நெருங்கி, இரும்பு மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக நார் கலைந்து சோறாகிவிடும். அதனால் பட்டைக்கு அடுத்த ஓரத்தையே முதுகாக வைத்து, உள்பக்கத்தை வயிறாக இழைக்க வேண்டும். மூங்கிலும் இதே குணம்தான், வெளித்தோலை ஒட்டித்தான் அதன் பலம். நியூ கினியில் கரும்பனை வகை மரத்தில் இன்றும் வில் செய்கிறார்கள். பனையைச் சுரண்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. ஒரு வில்லுக்காகப் பனையை வெட்டவும் வேண்டாம். மாநில மரம் அது, வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்தது. பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பூச்சி அரிக்காத பனங்கை கிடைக்கும். என்னுடைய பனை வில் அப்படி வந்ததுதான்.

மரங்களின் குணத்தைக் காட்ட ஒரு கப்பலையும் சொல்ல வேண்டும். 1545ல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982ல் வெளியே எடுத்தார்கள். அதிலிருந்து 130க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ என்ற மரம். ஒரே கட்டையில் வெள்ளை எனும் வெளிமரம் முதுகுப் பக்கமும் வைரம் எனும் உள்மரம் வயிற்றுப் பக்கமும் வரும்படி எடுத்திருக்கிறார்கள். வெள்ளை நீட்டலைத் தாங்கும், வைரம் நசுக்கலைத் தாங்கும். அடிமரத்துக்குள்ளேயே முதுகும் வயிறும் தயாராக இருந்த மாதிரி.

கடற்கரையின் ஈரம்

நம் ஊரில் மரத்தைவிடப் பெரிய சிக்கல் காற்று. காய்ந்த மரம் என்று நாம் சொல்வது, சுற்றியுள்ள காற்றோடு சமாதானமாகிவிட்ட மரம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரம் தன் உலர்ந்த எடையில் 16 சதவீதம் அளவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 50 சதவீதமாக இருந்தால் 9 சதவீதம். வில்லுக்கு நல்லது எட்டிலிருந்து பத்து. அதற்கு மேல் போனால் வயிறு நசுங்கிச் சோரும். ரொம்பவும் கீழே போனால் முதுகு பொடுக்கென்று போகும். கரையோரம் மரத்தை வெளியில் வைத்து எத்தனை வருடம் காயவிட்டாலும் எட்டு, பத்துக்கு இறங்குவது கஷ்டம்.

அதனால் அடுப்படிப் பரண்தான் வழி. விதை நெல்லையும் விறகையும் காயவைத்த அதே இடம். கட்டையின் இரண்டு வெட்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசிவிடுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் மிக வேகமாகப் போகும், பூசாவிட்டால் அங்கே முதலில் காய்ந்து வெடிக்கும். முடித்த வில்லுக்கும் எண்ணெயோ வார்னிஷோ பூச வேண்டும். எய்யாத நேரத்தில் நாணைக் கழற்றி வையுங்கள்.

நாணைப் பற்றிக் கொஞ்சம்

நாண் நீளக் கூடாது என்றேன். இங்கே வலைக்கடைகளில் கிடைக்கும் நைலான் நரம்பு மீன் பிடிக்க நல்லது, ஏனென்றால் அது நீண்டு கொடுக்கும். அதே காரணத்தால் வில்லுக்கு ஆகாது. பாலியெஸ்டர் நூல் பரவாயில்லை. பழைய ஆட்கள் எதைப் பயன்படுத்தினார்கள்? அதே அர்த்தசாஸ்திரத்தில் மருள் செடியும் எருக்கும் சணலும் மூங்கில் நாரும் தசைநாரும் நாணுக்குச் சொல்லப்படுகின்றன. எருக்கு! ஆடு கூடத் தின்னாமல் நம் மணல்மேடு முழுக்க நிற்கிற செடி. தண்டை வெட்டி, வாடவிட்டு, பட்டையை உரித்து உள்நாரைப் பிரித்தால் வெள்ளையாக, பட்டு மாதிரி வரும். பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் திரித்துப் பார்த்தேன், இரண்டு கையால் இழுத்தும் அறவில்லை. ஒரு முழு நாண் திரிக்க இன்னும் நிறைய நார் சேர்க்க வேண்டும்.

அதற்குள் அடுத்த கட்டை காய வேண்டும். போன மாதம் பரணில் ஏற்றிய பூவரசு அது. வாரம் ஒரு தடவை இறக்கி, டில்லரிங்குக்கு வைத்திருக்கும் அதே தொங்கு தராசில் மாட்டி நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வைக்கிறேன். முதல் வாரம் 3 கிலோ 400. அப்புறம் 3 கிலோ 150. இந்த வாரம் 2 கிலோ 980. இறங்குவது நிற்கிற வரை இழைப்புளியை எடுக்கப் போவதில்லை.